வீட்டுக்கும் ஆர்விக்கும் புது சாட்டிலைட் ரிசீவர்: வண்டியின் கூரையிலிருந்து தொடங்குங்கள்

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் ஆர்வி (படுக்கை, சமையல் வசதியோடு ஊர் சுற்றும் வீட்டு வண்டி) வாங்கியதும் கேட்கும் முதல் சில கேள்விகளில் இது நிச்சயம் இருக்கும்: "வீட்டில் ஹாப்பர் ரிசீவர் இருக்கு. அதையே கழற்றி வண்டியில் மாட்டினால் ஓடுமா, இல்லை புதுசா வாங்கணுமா?"

பெரும்பாலும் ஓடாது. அதற்குக் காரணம் பெட்டி அல்ல, கூரையில் இருக்கும் ஆண்டெனா. அதனால் எந்த ரிசீவர் என்று கடையில் விசாரிப்பதற்கு முன், வண்டிமேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இங்கே, ஹாப்பரைத் தரும் சாட்டிலைட் டிவி நிறுவனமான டிஷ் நெட்வொர்க்கை வைத்தே விளக்குகிறேன். ஆர்விக்காரர்களிடம் அதிகம் புழங்குவது அதுதான் என்பது என் அனுபவம். அதன் போட்டி நிறுவனமான டைரக்ட்டிவி பற்றி நடுவில் கொஞ்சம் வரும்.

படி 1: ஆண்டெனா எந்த வகை?

மூன்று வகை உண்டு. முதலாவது, பிளாஸ்டிக் மூடி போட்ட டோம். கிங் நிறுவனத்தின் டெயில்கேட்டர், வைன்கார்டின் ப்ளேமேக்கர், பாத்வே எல்லாம் இந்த வகை. உள்ளே ஒரு சின்ன டிஷ்ஷை மோட்டார் திருப்பிக்கொண்டிருக்கும். இரண்டாவது, கூரையில் படுத்திருந்து, பொத்தானை அழுத்தினால் எழுந்து நிற்கும் திறந்த டிஷ். வைன்கார்டின் ட்ராவ்லர் இதற்கு உதாரணம். மூன்றாவது, முக்காலி ஸ்டாண்டில் வைத்து நாமே கையால் திருப்பும் சாதாரண வீட்டு டிஷ்.

இது ஏன் முக்கியம்? டிஷ் நெட்வொர்க்கின் சேனல்கள் ஒரே சாட்டிலைட்டில் இல்லை. மேற்கு வளைவு எனப்படும் தொகுப்பில் மேற்குத் தீர்க்கரேகை 110, 119, 129 டிகிரிகளில் பரவியிருக்கின்றன. டோமால் ஒரு நேரத்தில் ஒரு சாட்டிலைட்டை மட்டுமே பார்க்க முடியும். நீங்கள் சேனல் மாற்றும்போது அது வேறு சாட்டிலைட்டில் இருந்தால், ரிசீவர் டோமுக்குச் சொல்லும். உள்ளே "விர்ர்" என்று சத்தம் கேட்கும், டிஷ் திரும்பும், சில நொடி கழித்துப் படம் வரும்.

ஹாப்பர் 3-இல் 16 டியூனர்கள் (சேனலைப் பிடிக்கும் பகுதிகள்). ஹாலில் ஒருவர் 119-இல் இருந்து ஏதோ பார்த்துக்கொண்டிருப்பார், அதே நேரத்தில் 110-இல் இருந்து இன்னொன்று பதிவாகும். டோம் எந்தப் பக்கம் திரும்பும்? அதனால்தான் டோமுடன் ஹாப்பர் சேராது. அதே நிறுவனத்தின் சின்ன ரிசீவரான வாலி சேரும், ஏனென்றால் அதில் சாட்டிலைட் டியூனர் ஒன்றுதான். வாலிக்கு முந்தைய 211 வரிசைப் பெட்டிகளும் ஒற்றை டியூனர்தான்.

ட்ராவ்லர் போன்ற திறந்த டிஷ்ஷும் முக்காலி டிஷ்ஷும் மூன்று சாட்டிலைட்டையும் ஒரே நேரத்தில் பார்க்கும். அவற்றில் சரியான எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் தலைப்பகுதி) இருந்தால் ஹாப்பரும் ஓடும்.

படி 2: எதை எங்கே வைப்பது

வருஷத்தில் சில வாரம் மட்டும் வண்டி எடுப்பவர்கள் வீட்டு ஹாப்பரைத் தொடவே வேண்டாம். ஒரு வாலி வாங்கி, அதே கணக்கில் கூடுதல் ரிசீவராகச் சேர்த்து, வண்டியிலேயே விட்டுவிடுங்கள். மாதக் கட்டணம் கொஞ்சம் கூடும். சீசன் முடிந்ததும் அதை நிறுத்திவைக்கலாம். வீட்டில் டிஷ் சந்தாவே இல்லாதவர்களுக்கு, ஒப்பந்தம் இல்லாமல் 30 நாள் 30 நாளாகக் கட்டும் திட்டம் இருக்கிறது.

வீட்டை விற்றுவிட்டு வண்டியிலேயே வாழ்கிறவர்கள் கதை வேறு. இரண்டு டிவி, நிறைய ரெக்கார்டிங் வேண்டும் என்றால் முக்காலி டிஷ்ஷும் ஹாப்பரும் சரியான ஜோடி. ஒவ்வொரு ஊரிலும் இறங்கி டிஷ்ஷைக் குறிபார்க்கும் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

டைரக்ட்டிவி வைத்திருப்பவர்கள் கவனிக்க: அவர்களுடைய எச்டி சேனல்கள் பெரும்பாலும் 99, 103 டிகிரிகளில் கேஏ என்னும் அலைவரிசையில் வருகின்றன. சாதாரண டோம் 101-இல் வரும் கேயூ என்னும் வேறொரு அலைவரிசையை மட்டும்தான் பிடிக்கும். எச்டி வேண்டும் என்றால் டைரக்ட்டிவிக்கென்றே செய்த ட்ராவ்லரோ முக்காலியோ தேவை. டைரக்ட்டிவியின் ஜீனி ரிசீவருக்கு ஸ்விம் வகை (ஒரே வயரில் பல டியூனருக்குச் சிக்னல் அனுப்பும்) எல்என்பியும் அதற்கு மின்சாரம் கொடுக்கும் சின்னப் பெட்டியும் கட்டாயம். இதைச் சொல்லாமல் டோமைத் தலையில் கட்டும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள்.

படி 3: நீங்கள் போகும் ஊரில் வானம் தெரியுமா

இந்தச் சாட்டிலைட்கள் பூமத்திய ரேகைக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவை. அமெரிக்காவிலிருந்து பார்த்தால் எல்லாம் தெற்குப் பக்கம். ஹூஸ்டனில் 110 டிகிரி சாட்டிலைட் அடிவானத்திலிருந்து சுமார் 52 டிகிரி உயரத்தில், தெற்கிலிருந்து சற்று மேற்கே இருக்கும். பக்கத்தில் ஒரு மரம் இருந்தாலும் சமாளிக்கலாம். ஆனால் வடகிழக்கு மூலையில் மெய்ன் மாநிலத்தின் பாங்கர் ஊரில் நின்று 129-ஐத் தேடினால் அது வெறும் 12 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். எதிரே ஒரு பைன் மரம் போதும், முடிந்தது. அதே இடத்திலிருந்து 61.5 டிகிரி சாட்டிலைட் சுமார் 38 டிகிரி உயரத்தில் இருக்கும். கிழக்குக் கரை வீடுகளில் 61.5, 72.7 ஆகியவற்றைப் பார்க்கும் கிழக்கு வளைவு டிஷ் மாட்டுவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே கிழக்குப் பக்கமாகச் சுற்றுகிறவர்கள், வாங்கப்போகும் ஆண்டெனா கிழக்கு வளைவையும் பிடிக்குமா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். மேற்கை மட்டும் பிடிக்கும் மாடல்களும் விற்பனையில் உண்டு. மரநிழலில் நிறுத்தும் பழக்கம் இருந்தால் கூரையில் பதித்த டோமைவிட, கேபிள் நீட்டி வெயிலில் கொண்டுபோய் வைக்கும் டோமே நல்லது.

படி 4: வண்டிக்குள் ஓடும் கேபிள்

புது ரிசீவர் வாங்கியும் படம் வராமல் திண்டாடுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். வண்டியின் வெளிப்பக்கம் சின்ன மூடியைத் திறந்தால் இரண்டு கோஆக்ஸ் (டிவி கேபிள்) முனைகள் இருக்கலாம்: ஒன்று "கேபிள்", இன்னொன்று "சாட்". டோமின் வயரை "சாட்"டில் மாட்டுங்கள். "கேபிள்" முனையிலிருந்து போகும் வயர் பல வண்டிகளில் சிக்னலைக் கூட்டும் பூஸ்டருக்கும், அதைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கும் போய்விடும். டோமை ஓட்டும் மின்சாரமும் கட்டளையும் ரிசீவரிலிருந்து இதே வயரில்தான் மேலே போகின்றன. நடுவில் சாதாரண ஸ்ப்ளிட்டர் இருந்தால் இரண்டும் அங்கேயே நின்றுவிடும். பழைய வண்டியில் மெல்லிய ஆர்ஜி-59 வயர் இருந்தால், ஆர்ஜி-6 மாற்றிவிடுங்கள்.

சந்தேகமா? டோமிலிருந்து நேராக ஒரு ஆர்ஜி-6 வயரை ஜன்னல் வழியே ரிசீவருக்கு இழுத்துப் பாருங்கள். படம் வந்தால் குற்றவாளி வண்டியின் வயரிங்.

படி 5: மின்சாரம், பதிவு, உள்ளூர் சேனல்

கரண்ட் இணைப்பு உள்ள கேம்ப்கிரவுண்டில் கவலையில்லை. பேட்டரியில் ஓட்டுகிறவர்கள் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டு இன்வெர்ட்டரை முடிவுசெய்யுங்கள்.

வாலிக்குள் ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஒருமுறைக் கட்டணம் கட்டி, யுஎஸ்பியில் தனி டிஸ்க் மாட்டினால் பதிவு செய்யலாம். வண்டி ஓடும்போது டிஸ்க்கைக் கழற்றிவையுங்கள்.

உள்ளூர் சேனல்களில் பலர் ஏமாறுகிறார்கள். அவை குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் விழும் குறுகிய கதிரில் வருகின்றன. வீட்டிலிருந்து சில நூறு மைல் தாண்டினால் காணாமல் போகும். நிறுவனத்துக்குச் சொல்லி சர்வீஸ் முகவரியை மாற்றினால் புது ஊர் சேனல் கிடைக்கும். அதைவிட எளிய வழி, கூரையில் ஏற்கெனவே இருக்கும் சாதாரண டிவி ஆண்டெனா. இலவச டிஜிட்டல் சேனல்கள் அதிலேயே வரும். வாலிக்கு இதற்கென ஒரு யுஎஸ்பி டியூனர் உண்டு, மாட்டினால் எல்லாம் ஒரே பட்டியலில் தெரியும். தமிழ் சேனல்களுக்கு மட்டும் டோமை நம்ப வேண்டாம். இணையம் வழியாகப் பார்ப்பதே மேல்.

படி 6: கிளம்புமுன் ஒத்திகை

கிளம்புவதற்கு ஒரு நாள் முன்பே வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி எல்லாவற்றையும் மாட்டுங்கள். மாதக்கணக்கில் அணைந்து கிடந்த ரிசீவர் மென்பொருளையும் நிகழ்ச்சிப் பட்டியலையும் இறக்க நேரம் எடுக்கும். சில சமயம் நிறுவனத்தை அழைத்து மீண்டும் அனுமதி வாங்கவேண்டியும் வரும். பிறகு செட்டிங்ஸில் போய் ஆண்டெனா வகையைத் தேர்ந்தெடுங்கள். டெயில்கேட்டர் என்றால் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்கும், சரியாகக் கொடுங்கள். தேடல் முடிய சில நிமிடம் ஆகும். அதுவரை ரிமோட்டை மேசைமேல் வைத்துவிடுங்கள். நடுவில் பொத்தானை அழுத்தினால் முதலிலிருந்து ஆரம்பிக்க நேரலாம்.

பழைய பெட்டி வாங்குகிறவர்கள்: விற்பவரிடம் "ஆர்00" என்று தொடங்கும் ரிசீவர் எண்ணை முதலில் கேளுங்கள். நிறுவனத்தை அழைத்து, அந்த எண்ணை உங்கள் கணக்கில் சேர்க்க முடியுமா என்று உறுதிசெய்த பிறகே காசு கொடுங்கள். வாடகைப் பெட்டியையோ, முந்தையவர் பாக்கி வைத்த பெட்டியையோ உங்கள் தலையில் கட்டிவிடலாம். நீங்கள் கழற்றிய பழைய பெட்டியும் வாடகைக்கு வந்ததாக இருந்தால், நிறுவனம் அனுப்பும் அட்டைப்பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். திருப்பவில்லை என்று பில்லில் ஏற்றினால் காட்ட அதுதான் இருக்கும்.