பழைய காரில் கியர் ஆயில் கசிவு: சீலைக் கழற்றும் முன்னும் பின்னும்

பழைய காருக்கு அடியில் எண்ணெய்க் கறையைப் பார்த்ததுமே "சீல் போயிடுச்சு, மாத்திடலாம்" என்று கிளம்பிவிடுகிறோம். பல நேரம் சீல் (சுழலும் தண்டைச் சுற்றி ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) மேல் தப்பே இருக்காது. பிரீதர் என்ற காற்றுப்போக்கி அடைத்திருக்கும், ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருப்பார்கள், அல்லது ஒரு பிளக்கின் வாஷர் நைந்திருக்கும். இந்த மூன்றையும் பார்க்கக் கொஞ்ச நேரம் போதும். சீல் மாற்றுவதோ பெரிய வேலை. அதனால் இந்த விளக்கத்தில் கசிவைக் கண்டுபிடிப்பதற்கே நிறைய இடம் கொடுத்திருக்கிறேன். முன்னால் இன்ஜின், அதன் பின்னால் மேனுவல் கியர் பாக்ஸ், கடைசியில் பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் என்ற அமைப்புள்ள காரை வைத்து எழுதுகிறேன்.

காரைத் தூக்கும்போது

தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கியதும் காரை ஸ்டாண்டு மேல் இறக்கி, கையால் நன்றாகக் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடியில் போக வேண்டும். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அது காரை நிறுத்தி வைக்காது. ஆகவே முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள்.

சொட்டுவது எந்த ஆயில்?

இரவில் காருக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து, முன் சக்கரம், பின் சக்கரம் இருக்கும் இடங்களைப் பேனாவால் குறித்து வையுங்கள். காலையில் கறை எங்கே விழுந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அப்புறம் தொட்டு, முகர்ந்து பாருங்கள். கியர் ஆயில் கெட்டியாக இருக்கும். அதில் சேர்க்கும் கந்தகச் சேர்மத்தால் மூக்கைத் துளைக்கும் நெடி அடிக்கும். ஓடிய இன்ஜின் ஆயில் கறுத்து, கருகிய வாடையோடு இருக்கும். தண்ணீர் போல ஓடி, வழவழப்பாக இருந்து, பெயின்ட்டை உரித்தால் அது பிரேக் அல்லது கிளட்ச் ஃப்ளூயிட். ஒரு விஷயம்: சில பழைய கியர் பாக்ஸ்களுக்கு இன்ஜின் ஆயிலையே ஊற்றச் சொல்லியிருப்பார்கள். அப்படிப்பட்ட காரில் வாசனையை நம்ப முடியாது.

கசிவின் ஊற்றுக்கண்

சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னோக்கித் தள்ளும். நின்றதும் அது வழிந்து, ஹவுசிங்கின் (வெளிக்கூட்டின்) தாழ்ந்த முனையில் சேர்ந்து சொட்டும். ஆகவே ஈரமாக இருக்கும் பகுதிகளில் எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருக்கிறதோ, அங்கேதான் தேட வேண்டும்.

பல வருட அழுக்கு படிந்திருந்தால் எதுவும் தெரியாது. டீகிரீசர் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்துக் காய விடுங்கள். சந்தேகப்படும் இடங்களில் டால்கம் பவுடரை மெல்லிசாகத் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். பவுடர் நனைந்து கோடு விழுந்த இடம்தான் ஆரம்பம். அப்படியும் பிடிபடாவிட்டால் ஆயிலில் கலக்கும் யுவி சாயம் இருக்கிறது. இன்ஜினா கியர் பாக்ஸா என்ற குழப்பம் என்றால் சாயத்தை ஒன்றில் மட்டும் கலந்துவிட்டு, யுவி டார்ச்சில் பாருங்கள்.

முதலில் சுலபமான மூன்று

பிரீதர்தான் என் முதல் சந்தேகம். ஆக்சில் குழாயின் மேலேயோ கியர் பாக்ஸ் மூடியிலோ சின்னத் தொப்பி போல இருக்கும். ஓடும்போது உள்ளே சூடாகும் காற்று இதன் வழியாகத்தான் வெளியேறுகிறது. சேறு அடைத்துவிட்டால் காற்று உள்ளே அழுத்தி, சீலின் லிப்பை (ஷாஃப்ட்டை உரசி நிற்கும் மெல்லிய விளிம்பை) தாண்டி ஆயிலை வெளியே தள்ளும். புது சீல் போட்டாலும் அதே கதைதான். கழற்றி, கம்பியால் குத்தி, கெரசினில் கழுவி, காற்று போகிறதா என்று ஊதிப் பாருங்கள்.

அடுத்து ஆயில் மட்டம். இதைக் கார் சமமாக நிற்கும்போதுதான் பார்க்க வேண்டும். பின்பக்கம் மட்டும் தூக்கியிருந்தால் அளவு தப்பாகக் காட்டும். பக்கவாட்டில் இருக்கும் ஃபில்லர் பிளக்கைத் திறந்தால், பெரும்பாலான வண்டிகளில் ஆயில் அந்தத் துளையின் கீழ்விளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும். திறந்ததும் வழிந்தால், சரியான மட்டத்துக்கு வரும்வரை வழிய விடுங்கள்.

மூன்றாவது, பிளக்கும் மூடியும். செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள். தகரத்தில் அழுத்திச் செய்த மூடி என்றால் போல்ட் துளைகளைச் சுற்றி வளைந்திருக்கும்; யாரோ கசிவை நிறுத்த மேலும் மேலும் முறுக்கியதன் விளைவு அது. சமமான கட்டையில் வைத்துத் தட்டி நேராக்கி, புது பேக்கிங் போட்டு, போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

பினியன் சீல் மாற்றுவது

இவ்வளவுக்குப் பிறகும் டிஃபரன்ஷியலின் முன்மூக்கு நனைந்தால் பினியன் (சுழற்சியை டிஃபரன்ஷியலுக்குள் கொண்டுபோகும் பல்சக்கரத் தண்டு) சீலைத் தொடலாம். அவசரப்பட்டால் கியரே கெட்டுப்போகும் வேலை இது. உங்கள் காரின் ஒர்க்‌ஷாப் மேனுவல் பக்கத்தில் இருக்கட்டும்.

1. ஆயிலை வடிப்பதானால் முதலில் ஃபில்லர் பிளக் திறக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் அது இறுகிப் போயிருக்கும். எல்லாவற்றையும் வடித்துவிட்டு ஊற்ற வழியில்லாமல் நிற்கக் கூடாது.

2. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் (கியர் பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்கு வரும் நீளத் தண்டு) ஃபிளாஞ்சும் (அதை பினியனோடு இணைக்கும் தட்டு) சேரும் இடத்தில் அடையாளம் போட்டுவிட்டுக் கழற்றுங்கள். இப்போது ஃபிளாஞ்சை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. புது சீல் நிலைக்காது, பேரிங்கைப் பார்ப்பதுதான் முதல் வேலை.

3. பினியன் நட், ஷாஃப்ட் நுனி, ஃபிளாஞ்ச் மூன்றிலும் ஒரே நேர்க்கோட்டில் பஞ்ச் குறி போடுங்கள். வெளியே தெரியும் மரைகளை எண்ணி எழுதி வையுங்கள். நட் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதுதான் உள்ளே பேரிங்குகளின் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. நசுங்கும் வகை ஸ்பேசர் (பேரிங்குகளுக்கு இடையே இருக்கும் குழாய்) உள்ள ஆக்சிலில் அளவுக்கு மேல் முறுக்கினால் ஸ்பேசர் மேலும் நசுங்கிவிடும். தளர்த்தினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது.

4. ஃபிளாஞ்சைப் புல்லர் போட்டு எடுங்கள். சுத்தியலால் அடிக்காதீர்கள். சீல் உரசும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். லேசான கீறல் என்றால் மெல்லிய எமரி பேப்பரால் சுற்றுவாக்கில் தேயுங்கள். நீளவாக்கில் தேய்த்தால் ஆயிலுக்கு வழி போட்டதாகிவிடும். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் மேலே மாட்டும் மெல்லிய ரிப்பேர் ஸ்லீவ் போட வேண்டும், அல்லது வேறு ஃபிளாஞ்ச்.

5. பழைய சீலை நெம்பி எடுக்கும்போது ஹவுசிங்கின் உள்சுவரைக் கீறாதீர்கள். ரப்பர் சீலில் பெரும்பாலும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் அச்சிட்டிருக்கும்; காருக்கென்று சீல் கிடைக்காவிட்டாலும் அந்த அளவை வைத்து வாங்கலாம். தோல் சீல் போட்டு வந்த கார்களுக்கு அதே அளவில் நைட்ரைல் ரப்பர் சீல் போடலாம்.

6. ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலைப் பார்த்து உள்ளே இருக்க வேண்டும். லிப்பில் கியர் ஆயில் தடவுங்கள். உலர்ந்த லிப் ஓட ஆரம்பித்ததுமே கருகிவிடும். சீலின் வெளிவிட்டத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான குழாய்த் துண்டை வைத்து, கோணாமல் தட்டி இறக்குங்கள்.

7. ஃபிளாஞ்சை மாட்டி, மேனுவல் வேறு முறை சொல்லாதவரை, நட்டைப் பழைய குறிக்கே கொண்டு வாருங்கள்.

மற்ற இடங்கள்

கியர் பாக்ஸின் வால் முனை சீலும் இதே பாணிதான். அங்கே நட் தொல்லை குறைவு. ஸ்பீடோமீட்டர் கேபிள் நுழையும் இடத்தையும் பார்த்துவிடுங்கள், அங்கே கசிந்து வால் முனை வழியாகச் சொட்டுவது உண்டு.

பின் சக்கரத்துக்கு உள்பக்கம் கியர் ஆயில் வழிந்தால் காரை ஓட்டாதீர்கள். ஆக்சில் சீல் தாண்டிய ஆயில் பிரேக் ஷூவில் ஊறியிருக்கும். ஊறிய ஷூவைக் கழுவிப் போடக் கூடாது. இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். பழைய பிரேக், கிளட்ச் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

பெல் ஹவுசிங்கிலிருந்து (இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் கிளட்சை மூடும் கூடு) சொட்டினால் கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் மோரிஸ் மைனர் போன்ற கார்களின் இன்ஜினில் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது. சுழலும் மரை ஆயிலைத் திருப்பி அனுப்பும் ஏற்பாடுதான். இன்ஜின் நின்றதும் சில சொட்டு விழுவது அதன் இயல்பு. கிளட்ச் வழுக்காதவரை அதற்காக இறக்க வேண்டாம். கிளட்ச் பிளேட் மாற்றும் நாளில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆயில் ஊற்றும்போது

பித்தளை சிங்க்ரோ வளையம் (கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்துவது) உள்ள பழைய கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-5 ஆயில் (ஜிஎல் என்பது கியர் ஆயிலின் தரக் குறி) ஒத்துவராமல் போகலாம், அதிலுள்ள சேர்மங்கள் பித்தளையை அரிக்கக்கூடும். மேனுவல் சொல்லும் ரகத்தையோ ஜிஎல்-4 ஆயிலையோ ஊற்றுங்கள். ஹைப்பாய்ட் (பினியன் மையத்தைவிட்டுத் தள்ளிப் பொருந்தும் வகை) டிஃபரன்ஷியலுக்கு நேர்மாறாக ஜிஎல்-5 தரம் தேவைப்படும். இரண்டுக்கும் ஒரே டப்பாவிலிருந்து ஊற்றிவிடாதீர்கள். கசிவை நிறுத்தும் திரவங்கள் இறுகிய ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைக்கும், அவ்வளவுதான். கிழிந்த லிப்பையோ தேய்ந்த ஷாஃப்டையோ அவை சரிசெய்யாது.

ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, சூடு ஆறியதும் மட்டத்தை மறுபடி பாருங்கள். ஒரு 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை அட்டையை விரியுங்கள்; பழைய ஆயில் இண்டு இடுக்கிலிருந்து வழிவது அதற்குள் நின்றிருக்கும், புதிதாக விழும் சொட்டு மட்டுமே கணக்கு.