குளியலறைத் தரையில் டைல்ஸ் பதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது வீட்டில் குளியலறைத் தரைக்கு டைல்ஸ் பதிக்கும் வேலை, பணமும் பொறுமையும் கரைந்து, குடிபுகும் நாளையும் குறித்துவிட்ட கடைசிக் கட்டத்தில்தான் வருகிறது. அந்த அவசரத்தில் வீட்டுக்காரரின் கவனம் முழுவதும் டைல்ஸின் நிறத்திலும் வடிவத்திலும் போய் நிற்கிறது. ஆனால் பின்னாளில் பெயர்த்தெடுக்க நேர்ந்த தரைகளில் நான் பார்த்த பழுதுகள் ஏறக்குறைய எல்லாமே டைல்ஸுக்கு அடியில் இருந்தவை. மூடிய பிறகு கண்ணுக்குத் தெரியாத அந்த அடுக்குகளை, மூடுவதற்கு முன்பே சரிபார்க்காமல் விடுவதுதான் முதல் தவறு.

கான்கிரீட் தளம் போட்ட சில நாட்களிலேயே அதன்மேல் வேலையைத் தொடங்கிவிடக் கூடாது. புதுக் கான்கிரீட் தன் முழு வலிமையை நெருங்க ஏறத்தாழ 28 நாட்கள் ஆகும். ஈரம் உலர உலர அது சுருங்கவும் செய்யும். அந்தச் சுருக்கத்தின் பெரும்பகுதி முடியும் முன்பே டைல்ஸை ஒட்டிவிட்டால், தளம் ஒரு பக்கம் இழுக்க, மேலே இருப்பது தூக்கிக்கொள்கிறது அல்லது விரிசல் விடுகிறது. தரைக்கு அடியில் ஓடும் குழாய்களில் அழுத்தத்துடன் நீர் ஏற்றிச் சோதிக்கும் வேலையும் இந்த இடைவெளியிலேயே முடிந்திருக்க வேண்டும்.

அடுத்தது நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு. டைல்ஸ் பதித்து இடுக்குகளை அடைத்துவிட்டால் தண்ணீர் கீழே இறங்காது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. இடுக்குகளை அடைக்கும் கலவையான சாதாரண சிமென்ட் க்ரவுட் நீரை மெதுவாக உள்ளே விடும் பொருள்; கசிவைத் தடுத்து நிறுத்துவது கீழே உள்ள பூச்சு மட்டுமே. அந்தப் பூச்சை ஒரு கை அடித்துவிட்டு நிறுத்தாமல், முதல் கை காய்ந்தபின் இரண்டாவது கையை அதற்குக் குறுக்காக அடிக்க வேண்டும். சுவரிலும் குறைந்தது 15 செ.மீ. உயரத்துக்கு, ஷவர் பகுதியில் அதைவிட உயரமாக, ஏற்ற வேண்டும். தரையும் சுவரும் சேரும் மூலைகளிலும் குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடங்களிலும்தான் கசிவு பெரும்பாலும் தொடங்குகிறது என்பதால், அங்கே வலைத்துணி வைத்துப் பூசச் சொல்லுங்கள்.

பூச்சு காய்ந்ததும் வடிகால் வாயை இறுக அடைத்து, தரையில் இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, குறைந்தது 24 மணி நேரம் விட வேண்டும். கோட்டைவிட நீர் வெகுவாக இறங்கியிருந்தாலோ, கீழ்த்தளத்தின் கூரையில் ஈரம் படர்ந்திருந்தாலோ வேலையை அங்கேயே நிறுத்திவிடலாம். சோதனையில் தேறிய தளத்தில், ஏதோ ஒரு குழாய் விட்டுப்போயிற்று என்று பிறகு ஒருவர் உளியை வைத்தால், அவ்வளவு உழைப்பும் வீண். குழாய் வேலை முழுதும் முடியாமல் இந்தப் பூச்சைத் தொடவே வேண்டாம்.

அன்றாடம் மனத்தை உறுத்துவது வாட்டக் குறைவு, அதாவது நீர் வடியத் தேவையான சரிவு போதாமை. குளித்து ஒரு மணி நேரம் கழிந்தும் சுவரோரத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் நின்றால், அங்கே பாசி பிடிக்கும், கால் வழுக்கும். ஒரு மீட்டர் நீளத்துக்கு 1 முதல் 2 செ.மீ. வரை, வடிகாலை நோக்கி வாட்டம் தேவை. அதை டைல்ஸுக்கு அடியில் கலவையைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்காமல், அதற்கு முன் போடும் சிமென்ட் கலவைத் தளத்திலேயே கொடுத்துவிட வேண்டும். வடிகால் சல்லடை சுற்றியுள்ள டைல்ஸைவிட நூலளவேனும் தாழ்ந்திருக்க வேண்டும். குளியலறைத் தரையும் வெளித்தரையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். நான்கு புறமிருந்தும் நடுவிலுள்ள வடிகாலுக்குச் சரிய வேண்டிய தரையில் பெரிய டைல்ஸைத் தேர்ந்தெடுப்பதும் தவறே. பெரிய பலகை எந்தப் பக்கமும் வளையாது. மூலைவிட்டமாக வெட்டினால்தான் சரியும். சிறிய டைல்ஸ் வாட்டத்துக்கு எளிதாக இணங்கும்.

ஒட்டும் முறையில் நேரும் பிழையை என் வீட்டிலேயே பார்த்தேன். ஓராண்டுக்குள் ஒரு டைல் ஆடத் தொடங்கியது. கரணை நுனியை இடுக்கில் விட்டு நெம்பியதும் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அதன் பின்புறம் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் சுத்தமாக இருந்தது. தரையிலோ நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து கலவை உருண்டைகள், அவற்றின் இடையே தேங்கிய நீர். கண்ணாடிபோல் இறுகச் சுட்ட விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சாது. ஆகவே சிமென்ட் பால் அதற்குள் இறங்கிப் பிடிப்பதில்லை. அதற்கென்று உள்ள டைல் பசையைத் தளத்தில் பல் கரண்டியால் (விளிம்பில் பற்கள் வெட்டிய கரணையால்) ஒரே திசையில் இழுத்து, டைலின் முதுகிலும் மெல்லத் தடவி, அழுத்தி ஒட்ட வேண்டும். நீர் புழங்கும் தரையில் முதுகின் 95 சதவீதமாவது பசையில் படிந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. பத்துப் பதினைந்து ஒட்டியதும் ஒன்றைப் பெயர்த்துப் பார்த்துவிடுங்கள். பசைக்கு டைல்ஸை நீரில் ஊறவைக்க வேண்டியதில்லை. கெட்டியாகத் தொடங்கிய பசையில் மறுபடி நீர் ஊற்றிக் குழைக்கவும் கூடாது.

இடுக்கே இல்லாமல் நெருக்கி ஒட்டினால் அழகு என்று சிலர் கேட்டு வாங்குகிறார்கள். ஸ்பேசர் என்னும் சிறு பிளாஸ்டிக் துண்டுகளை இடையில் வைத்து 2 முதல் 3 மி.மீ. இடுக்கு விடுவதே முறை; வெப்பத்தில் விரியும்போது டைல்ஸ் ஒன்றையொன்று முட்டித் தூக்காமல் அது காக்கிறது. ஒட்டிய மறுநாளுக்கு முன் க்ரவுட் நிரப்ப வேண்டாம். குளியலறைக்கு, சிமென்ட்டுக்குப் பதில் பிசினால் ஆன எபாக்சி க்ரவுட் செலவானாலும் தகும். தரையும் சுவரும் சேரும் கோட்டில் மட்டும் க்ரவுட்டுக்குப் பதில் ரப்பர்போல் நெகிழும் சிலிக்கோன் பசை இட வேண்டும், ஏனெனில் அங்கே இரண்டும் தனித்தனியாக அசையும்.

பளபளப்பான டைல்ஸ் தரைக்கு ஆகாது. வழுக்காத் தன்மைக் குறியீட்டில் ஆர்10 அல்லது ஆர்11 இருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள். வெட்டுக்கழிவுக்கு 10 சதவீதம் கூடுதலாக, ஒரே ஷேடு எண்ணில் (பெட்டியில் நிறச் சாயலைக் குறிக்கும் எண்) வாங்கி, மிஞ்சும் சிலவற்றை அந்த எண் எழுதிய அட்டையோடு பத்திரப்படுத்துங்கள். நாளை ஒன்று உடைந்தால், அதே பெயரில் கடையில் கிடைப்பதுகூட நிறத்தில் சற்றே மாறியிருக்கும்.