செஞ்சி ராஜகிரி ஏறுவது எப்படி: முதல் முறை மலை ஏறுபவர்களுக்கு

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் செஞ்சி ஊரைத் தாண்டியதும், பெரிய பெரிய உருண்டைப் பாறைகளை யாரோ அள்ளிக் குவித்ததுபோல மலைகள் எழும்பி நிற்கும். சாலைக்கு வலப்பக்கம் கிருஷ்ணகிரி, இடப்பக்கம் ராஜகிரி. தென்கிழக்கில் சந்திராயன் துர்க்கம். மூன்றையும் கோட்டை மதில் சேர்த்துக் கட்டுகிறது. இதில் உயரமானது ராஜகிரி, ஏறத்தாழ 800 அடி, அதாவது 240 மீட்டர்.

மலையேற்றம் தொடங்குகிறவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கக் காரணம் உண்டு. பாதை தெளிவானது, கல் படிகள் உண்டு, வழி தவற வாய்ப்பு குறைவு. வனத்துறை அனுமதி வேண்டாம், தொல்லியல் துறையின் நுழைவுச்சீட்டு போதும். உச்சியில் கிடைக்கும் காட்சியோ இதைப்போல மூன்று மடங்கு உயரமுள்ள மலைகளுக்கு ஈடானது.

ஆனால் இங்கே பாதியில் திரும்புகிறவர்களும் மயங்கி உட்காருகிறவர்களும் நிறைய. உயரம் அவர்களைத் தோற்கடிப்பதில்லை, வெயிலும் நேரமும்தான் தோற்கடிக்கின்றன. கருங்கல் மலை காலை முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு பதினொரு மணிக்கு மேல் திருப்பிக் கொடுக்க ஆரம்பிக்கும். மேலே வெயில், கீழே கல் சூடு, இரண்டுக்கும் நடுவில் நீங்கள். அதனால் கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் கடிகாரத்தை வைத்தே அமைந்திருக்கிறது.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை சிறந்த காலம். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரிகள் நிரம்பியிருக்கும், வயல் பச்சையாக இருக்கும், வெயில் பொறுக்கும்படி இருக்கும். அக்டோபர், நவம்பரில் போனால் மழை நின்று ஒரு நாள் முழுக்க வெயில் அடித்த பிறகு ஏறுங்கள். ஈரப்பாசி பிடித்த கருங்கல் எண்ணெய் தடவிய தரை மாதிரி. எந்தச் செருப்பும் ஷூவும் அதில் நிற்காது. மார்ச் பாதியிலிருந்து ஜூன் வரை தொடக்கக்காரர்கள் இந்த மலையை விட்டுவிடுவதே சரி.

படி 2: மூன்று வாரம் கால்களைப் பழக்குங்கள்

240 மீட்டர் என்பது ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் 80 மாடி. கேட்க மலைப்பாக இருக்கும், பிரித்துச் செய்தால் எளிது. நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் அடியிலிருந்து உச்சிக்கு ஒருமுறை ஏறினால் 12 மீட்டர்.

முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஐந்து முறை ஏறி இறங்குங்கள், அது மலையில் கால் பங்கு. இரண்டாம் வாரம் எட்டு முறை. மூன்றாம் வாரம் பத்து முறை, முதுகில் இரண்டு லிட்டர் தண்ணீருடன். அதாவது பாதி மலை. இது வந்துவிட்டால் மீதியை நிதானமும் ஓய்வும் பார்த்துக்கொள்ளும். கடைசி இரண்டு நாள் பயிற்சி வேண்டாம்.

பயிற்சியில் லிஃப்டில் இறங்காதீர்கள். ஏறுவது மூச்சுக்குப் பயிற்சி, இறங்குவது தொடைக்குப் பயிற்சி. மலையில் கால் நடுங்கி விழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். நெஞ்சு வலி, இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே இந்தப் பயிற்சியையே தொடங்க வேண்டும்.

படி 3: பையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். இதில் குறைக்காதீர்கள், மேலே கடை கிடையாது. ஒரு லிட்டரைச் சாதாரணத் தண்ணீராகவும், இன்னொரு லிட்டரை ஓ.ஆர்.எஸ். கரைசலாகவும் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை முழுசாக ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பொட்டலத்தையும் கொட்டினால் உப்பு அளவுக்கு மீறிப்போய் தாகம் கூடும், குமட்டும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் தலைவலியும் கால் பிடிப்பும் வரும்.

சாப்பிட ஒரு கை வறுத்த கடலை, இரண்டு கடலை மிட்டாய், இரண்டு வெள்ளரிப் பிஞ்சு. தயிர்சாதம், புளிசாதமெல்லாம் இறங்கி வந்த பிறகு.

காலுக்கு ரப்பர் அடிப்பாகமும் ஆழமான வரிகளும் உள்ள, ஏற்கெனவே ஒரு மாதமாவது போட்டுப் பழகிய ஷூ. புது ஷூ முதல் மணி நேரத்திலேயே குதிகாலில் கொப்புளம் போட்டுவிடும். வரி தேய்ந்த பழைய ஷூ இன்னும் மோசம். ரப்பர் செருப்பில் ஏறுகிற உள்ளூர்க்காரர்களைப் பார்த்து ஏமாற வேண்டாம், அவர்கள் பாதம் இந்தக் கல்லை அறிந்தது. முந்தைய நாள் கால் நகங்களை வெட்டுங்கள். இறங்கும்போது நீண்ட நகம் ஷூ முனையில் இடித்து ரத்தம் கட்டும்.

இவற்றோடு தொப்பி, முழங்கை மறைக்கும் மெல்லிய பருத்திச் சட்டை, ஒரு துண்டு, கிரேப் பேண்டேஜ், சில பிளாஸ்டர், முழுச் சார்ஜ் ஏற்றிய போன். கைத்தடி ஒன்று மிகவும் உதவும். தடியை ஊன்றி நிற்கும்போது முழங்கை செங்கோணத்தில் மடங்கினால் அது சரியான உயரம்.

எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடுங்கள். கையில் கேரி பை கூடவே கூடாது. இங்குள்ள குரங்குகளுக்கு பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு என்றுதான் பொருள். பையைப் பிடித்து இழுத்தால் விட்டுவிடுங்கள், போட்டிக்கு இழுக்கப் போய்க் கடி வாங்கினால் தடுப்பூசிக்கு அலைய வேண்டியிருக்கும். குரங்கின் கண்ணை உற்றுப் பார்ப்பதும் பல்லைக் காட்டிச் சிரிப்பதும் அதற்குச் சண்டைக்கு அழைப்பு.

படி 4: காலை ஒழுங்கு

கோட்டை செஞ்சிப் பேருந்து நிலையத்திலிருந்து திருவண்ணாமலை சாலையில் சுமார் இரண்டு கிலோமீட்டர். சென்னையிலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் பேருந்துகள் நிறைய உண்டு. தூரத்திலிருந்து வருகிறவர்கள் முந்தைய இரவே செஞ்சியிலோ திண்டிவனத்திலோ தங்கிவிட்டால் காலை நேரம் கையில் இருக்கும். ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு நான்கு இட்லி போதும். பூரியும் நெய் மிதக்கும் பொங்கலும் வயிற்றில் கல்லாகக் கிடக்கும்.

சீட்டு கொடுக்க ஆரம்பிக்கும்போதே, காலை 9 மணி வாக்கில், வாசலில் நிற்க வேண்டும். பிற்பகலில் ஒரு நேரத்துக்குப் பிறகு காவலர்கள் மேலே ஏற விடுவதில்லை. அது சரியான விதியும்கூட.

இங்கே ஏறக்குறைய எல்லாரும் செய்யும் தவறு ஒன்று. உள்ளே நுழைந்ததும் கல்யாண மகால், குதிரை லாயம், களஞ்சியம், யானைக்குளம் என்று அடிவாரத்திலேயே அழகழகான கட்டடங்கள். ஒவ்வொன்றிலும் படம் எடுத்து முடிப்பதற்குள் மணி பதினொன்று. அதன் பிறகு ஏற ஆரம்பித்தால் உச்சி வெயிலில் மொட்டைப் பாறையில் இருப்பீர்கள். வரிசையை மாற்றுங்கள். நேராக மலைப்பாதைக்குப் போங்கள், கல்யாண மகாலை இறங்கி வந்து பார்க்கலாம். அது எங்கேயும் ஓடிவிடாது.

உங்கள் கணக்கு இப்படி இருக்கட்டும்: 9.15க்கு முதல் படி, 10.30 முதல் 10.45க்குள் உச்சி, அரை மணி அங்கே, 12.15க்குள் அடிவாரம். இதைவிட முக்கியம், திரும்பும் நேரத்தைக் கீழே இருக்கும்போதே முடிவு செய்வது. 11.15 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் எங்கே நின்றாலும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும், திரும்பி இறங்க வேண்டும். மேலே போய் முடிவு செய்யலாம் என்று விட்டால் ஆசைதான் முடிவு செய்யும்.

படி 5: ஏறுதல்

முதல் பதினைந்து நிமிடம் வேண்டுமென்றே மெதுவாக. உடம்பு சூடாகிச் சீராக மூச்சு வர அவ்வளவு நேரம் பிடிக்கும். அடிவாரத்தில் கொஞ்சம் மர நிழல் இருப்பதால் வேகமாகப் போகத் தோன்றும். அங்கே ஓடியவர்கள்தான் கமலக்கண்ணி அம்மன் கோயில் பக்கம் வாய் வறண்டு உட்கார்ந்திருப்பார்கள். சரியான வேகத்துக்கு ஒரு சோதனை: முழு வாக்கியம் ஒன்றை இடையில் மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும்.

படிகள் ஒரே உயரத்தில் இல்லை. சில ஒரு சாண், சில முழங்கால் வரை. உயரமான படியில் பாதத்தை முழுசாக வைத்து, எடையை முன்காலுக்கு மாற்றிய பிறகே பின்காலைத் தூக்குங்கள். பின்காலால் எம்பித் தள்ளினால் கெண்டைக்கால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அகலமான படிகளில் நேராக ஏறாமல் பாம்பு போல வளைந்து ஏறினால் சரிவு குறையும்.

பத்து நிமிடம் ஏற்றம், இரண்டு நிமிடம் நின்றபடி ஓய்வு. அடிக்கடி உட்கார்ந்தால் தசை இறுகிவிடும். ஒவ்வொரு ஓய்விலும் மூன்று, நான்கு வாய் தண்ணீர். தாகம் எடுக்கும்வரை காத்திருந்து அரை லிட்டரை மடமடவென்று குடித்தால் வயிறு குலுங்கி வலிக்கும். உச்சியை அடையும்போது ஒரு லிட்டர் மீதி இருக்க வேண்டும். பாதி வழியிலேயே ஒரு லிட்டருக்கு மேல் தீர்ந்துவிட்டால் அங்கேயே திரும்புங்கள்.

மேலே போகப் போக நிழல் குறைந்து பாறை தொடங்கும். வாயில் மேல் வாயிலாகக் கடந்து போகும்போது இந்தப் பாதை ஏன் இவ்வளவு சிரமமாக இருக்கிறது என்பது புரியும். சிரமமாக இருக்க வேண்டும் என்றே கட்டியது. 1677இல் சிவாஜி பிடித்த இந்தக் கோட்டையில்தான் பின்னர் அவருடைய மகன் ராஜாராம் தங்கியிருந்து முகலாயப் படையை ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடித்தார். 1698இல்தான் கோட்டை வீழ்ந்தது. உச்சிக்குச் சற்று முன்னால் மலையே பிளந்து ஒரு ஆழமான பள்ளம், அதன் மேல் ஒரு பாலம். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவர்களைத் தொட வழியில்லை. பாலத்தில் நின்று ஒருமுறை கீழே பாருங்கள், ஆனால் விளிம்பில் செல்ஃபி வேண்டாம். வரிசையாக, ஒருவர் பின் ஒருவராகக் கடந்து போங்கள்.

படி 6: உச்சியில்

முதலில் நிழல் தேடி ஐந்து நிமிடம் நில்லுங்கள், பிறகு உட்காருங்கள். ஈரத் துண்டைப் பிடரியில் போட்டுக்கொண்டு கடலை மிட்டாய் தின்னுங்கள்.

அதன் பிறகு சுற்றிப் பாருங்கள். ரங்கநாதர் கோயில், களஞ்சியங்கள், மணிக்கூண்டு, பழைய பீரங்கி. வடக்கே திரும்பினால் கிருஷ்ணகிரி உச்சியின் மண்டபங்கள் தெரியும், நடுவில் சாலை நூல் மாதிரி. மதில் ஒரு மலையிலிருந்து இறங்கி வயல்களுக்கு நடுவே ஓடி அடுத்த மலையில் ஏறுவதை இங்கிருந்துதான் முழுசாகப் பார்க்க முடியும். கீழே நின்று எவ்வளவு பார்த்தாலும் அந்த அமைப்பு பிடிபடாது. 2025 ஜூலையில் மராட்டியப் படைத்தளக் கோட்டைகள் 12ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம்பெற்ற ஒரே கோட்டை இது. சுவரில் பெயர் கீறுகிறவர்களைப் பார்த்தால் பேசாமல் போகாதீர்கள், சொல்லுங்கள்.

மின்னல் தெரிந்து 30 வினாடிக்குள் இடி கேட்டால் உடனே இறங்க வேண்டும். மேல்தளத்துத் திறந்த மண்டபம் மின்னலுக்குப் பாதுகாப்பு ஆகாது.

படி 7: இறங்குதல்

ஷூ கயிற்றை மறுபடி கட்டுங்கள், கணுக்கால் பக்கம் இறுக்கமாக. கால் முன்னால் சறுக்கி விரல் இடிக்காது. தடியை இரண்டு அங்குலம் நீளமாகப் பிடித்து, முதலில் தடி, பிறகு கால். முழங்காலைச் சற்று மடக்கியே வையுங்கள். விறைத்த காலோடு தொப்பென்று இறங்கினால் அடி முழுவதும் மூட்டில் விழும். உயரமான படிகளில் பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள்.

பாறை மேல் உதிர்ந்து கிடக்கும் பொடிக்கற்கள் சோளம் இறைத்ததுபோல உருளும். சறுக்கி விழுவதற்கு மழையை விட இதுதான் அதிகக் காரணம். சுத்தமான கல் தெரியும் இடமாகப் பார்த்துக் கால் வையுங்கள். தொடை நடுங்க ஆரம்பித்தால் அது உட்காரச் சொல்லும் குறிப்பு. ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓ.ஆர்.எஸ். குடித்த பிறகு எழுங்கள்.

உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

தலை பாரம், குமட்டல், அதிக வியர்வை, கண் இருட்டல் ஆகியவை வெயில் களைப்பின் அறிகுறிகள். நிழலில் படுக்க வைத்து, காலைச் சற்றுத் தூக்கி, ஈரத்துணியால் கழுத்தையும் அக்குளையும் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைசல் கொடுங்கள். அரை மணியில் தேறினாலும் மேலே ஏற வேண்டாம். பேச்சு குழறினாலோ, கூப்பிட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வந்தாலோ அது வெப்பவாதம். உடனே 108. ஆம்புலன்ஸ் வரும்வரை இருக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி விசிறுங்கள், நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

பாறை இடுக்குகளில் மலைத்தேனீ கூடு இருக்கலாம். கல் எறிவது, புகை போடுவது, கூச்சல், வாசனைத் தைலம் எதுவும் ஆகாது. கொட்ட வந்தால் துண்டால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு, படியைக் கவனித்து விலகிப் போய்விடுங்கள். கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுங்கள். பார்க்காத இடுக்கில் கை வைக்காதீர்கள், பாம்புக்கு அதுதான் வீடு. கடித்துவிட்டால் கயிறு கட்டுவதோ கீறுவதோ வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

ராஜகிரிக்கு அடுத்து

ராஜகிரியே அதிகம் என்று தோன்றுகிறவர்கள், சிறு பிள்ளைகளோடு வருகிறவர்கள், கிருஷ்ணகிரியிலிருந்து தொடங்கலாம். உயரம் குறைவு. இரண்டையும் ஒரே நாளில் ஏறும் எண்ணம் முதல் முறை வேண்டாம்.

ராஜகிரியைச் சிரமமில்லாமல் இரண்டு முறை முடித்தவர்களுக்குக் கலசபாக்கம் பக்கத்துப் பருவதமலை நல்ல அடுத்த கட்டம். அங்கே செங்குத்துப் பாறையில் அடித்திருக்கும் கடப்பாறைகளைப் பிடித்து ஏறும் பகுதி உண்டு, உயரமும் பல மடங்கு. காட்டுப் பாதைகளுக்குப் போவதென்றால் விதி வேறு. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் பலர் உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் வனப்பகுதி மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வகுக்கப்பட்டன. இப்போது அரசின் ட்ரெக் தமிழ்நாடு இணையதளத்தில் பாதையைத் தேர்ந்தெடுத்து, வழிகாட்டியோடு முன்பதிவு செய்து போகலாம். காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். அப்போது யாராவது குறுக்குவழி காட்டுகிறேன் என்றால் பின்னால் போகாதீர்கள்.