குறைத்த எடை திரும்பி வருவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மூன்று மாதம், பத்து கிலோ, அப்புறம் பழையபடி சாப்பிட்டுக்கொள்ளலாம்." எடையைக் குறைக்கத் தொடங்கும் பலரின் மனக்கணக்கு இதுதான். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

பத்து கிலோ இறங்கிய உடம்புக்குத் தேவை குறைந்துவிடும். நடக்க, நிற்க, சும்மா உட்கார்ந்திருக்கக்கூட முன்பைவிடக் குறைந்த கலோரியே போதும். பசி மட்டும் எதிர்த்திசையில் போகும். குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பின் செலவு நாளொன்றுக்குச் சுமார் 20 முதல் 30 கலோரி இறங்குகிறது, பசியோ சுமார் 100 கலோரி அளவுக்கு ஏறுகிறது என்பது அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினரின் கணக்கு. பத்து வாரம் கடும் டயட் இருந்தவர்களைப் பற்றிய ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு 2011இல் வெளிவந்தது. பசியைத் தூண்டும் கிரெலின், கொழுப்பு இருப்பை மூளைக்குச் சொல்லும் லெப்டின் ஆகிய ஹார்மோன்கள் ஓராண்டு கழிந்தும் பழைய நிலைக்கு வரவில்லை என்று அதில் தெரிந்தது. ஆகவே டயட் முடிந்த பிறகு அகோரமாகப் பசித்தால் 'எனக்கு மன உறுதியே இல்லை' என்று தன்னைத் திட்டிக்கொள்வதில் அர்த்தமில்லை. அந்தப் பசி வரும் என்று முன்பே தெரிந்துகொண்டு, அதற்கு ஏற்பாடு செய்யாமல் விடுவதுதான் தவறு.

மெதுவாகக் குறைத்தால் எடை தானாக நிலைத்துவிடும் என்று நம்பி உட்கார்ந்துவிடுவதும் இதே ரகம். மெல்போர்னில் ஒரு குழுவினர் 12 வாரத்திலும், இன்னொரு குழுவினர் 36 வாரத்திலும் எடை குறைத்தார்கள். பிறகு ஏறக்குறைய மூன்று ஆண்டு அவர்களைக் கவனித்தார்கள். 2014இல் வந்த முடிவின்படி, இரு குழுவிலுமே குறைந்த எடையில் 70 சதவீதம் அளவுக்குத் திரும்பிவிட்டது! அதற்காகப் பட்டினி கிடக்கலாம் என்றில்லை. மிகக் குறைந்த கலோரி டயட்டில் பித்தப்பைக் கல் வரும் ஆபத்து உண்டு, அதை மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். வேகத்தைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன், இப்போது சாப்பிடுவது போலவே ஐந்து வருடம் கழித்தும் சாப்பிட முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். பிடித்ததையெல்லாம் அடியோடு விலக்கும் டயட்டை யாராலும் அத்தனை காலம் இழுக்க முடியாது.

எடை மெஷினோடு சண்டை போடுவது வேறு கதை. முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ இறங்கினால் அதில் பெரும்பகுதி தண்ணீர். தசையும் கல்லீரலும் சேமித்து வைக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சத்து, கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அது தீரும்போது நீரும் போய்விடும். அதேபோல, உப்பு தூக்கலாகச் சாப்பிட்ட மறுநாள் காலை மெஷின் ஒன்றரை கிலோ கூட்டிக் காட்டலாம். அத்தனையும் கொழுப்பு என்றால், தேவைக்கு மேல் 11,000 கலோரிக்கும் அதிகமாக முந்தின நாள் சாப்பிட்டிருக்க வேண்டும். நடக்கிற காரியமா? தினமும் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் ஒரு வாரச் சராசரியை முந்தின வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

'நான் கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறேன்' என்பவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. 1992இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், டயட் இருந்தும் எடை குறையவில்லை என்று சொன்ன பத்துப் பேரை அளந்து பார்த்தார்கள். சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். வாணலியில் பாட்டிலைச் சாய்த்து ஊற்றும் எண்ணெய், ருசி பார்த்தது, பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்தது எதுவும் நினைவில் நிற்காது. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியே 120 கலோரி. சாகும்வரை அளந்துகொண்டிருக்க வேண்டாம், ஒரு வாரம் அளந்தாலே கண் திறந்துவிடும்.

உடற்பயிற்சி விஷயத்தில் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். எடை குறைய வேண்டும் என்று ஜிம்மில் உயிரை விடுவார்கள், குறைந்ததும் நிறுத்திவிடுவார்கள். எடையை இறக்குவதில் உணவின் பங்குதான் பெரிது. இறங்கியதைப் பிடித்து வைக்கத்தான் உடலுழைப்பு அதிகம் தேவை. அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய ஒரு பதிவேட்டில், குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டாவது காப்பாற்றியவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தினமும் சராசரி ஒரு மணி நேரம் உடலை அசைக்கிறார்கள், வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள். தாமாக வந்து பதிந்தவர்கள் என்பதால் இதுவே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். எடை தூக்கும் பயிற்சியும் போதுமான புரதமும் சேர்த்துக்கொண்டால், கொழுப்போடு தசையும் கரைவது குறையும்.

எடை குறைக்கும் ஊசி மருந்துகளிலும் இதே கதைதான். அவற்றில் ஒன்றான செமாக்ளுடைடை நிறுத்தியவர்களை ஆராய்ந்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பியிருந்தது. எனவே எப்போது, எப்படி நிறுத்துவது என்பதை ஊசி போடத் தொடங்கும் நாளிலேயே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். மருந்து இல்லாமல் குறைத்தவர்களும் ஓர் எல்லையை முன்கூட்டியே குறித்துக்கொள்ளலாம். உதாரணமாக, வாரச் சராசரி இரண்டு கிலோ ஏறினால் மறுபடி ஒரு வாரம் சாப்பாட்டை அளந்து பார்ப்பது. இரண்டு கிலோவில் விழித்துக்கொண்டால் சில வாரத்தில் சரிசெய்துவிடலாம். எட்டு கிலோ ஏறும்வரை மெஷின் பக்கமே போகாமல் இருந்தால், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.