சோனார்ல கப்பல் தேடுறப்ப புதுப் பசங்க பண்ற தப்புங்க, முக்கியமா அந்த ஒத்த லெக் சொல்யூஷன்

சத்துவாச்சாரில எங்க வீட்டு மாடிக்கு ஞாயித்துக்கிழமையானா நாலஞ்சு பசங்க லேப்டாப்பைத் தூக்கிக்கினு வந்துடுறாங்க, டேஞ்சரஸ் வாட்டர்ஸ் ஆட. 2005ல வந்த நீர்மூழ்கி கேம், கிராஃபிக்ஸ் ரொம்பப் பழசு, ஆனா பாசிவ் சோனார்ல (நாம சத்தம் அனுப்பாம, தண்ணில வர்ற சத்தத்தை மட்டும் கேக்குற கருவி) காதை வெச்சி, டிஎம்ஏன்ற கணக்கை கையால போட்டு, ஒரு கப்பல் எங்க இருக்குன்னு நாமளே கண்டுபிடிக்கிற அந்த சுகத்தை இன்னிக்கும் இந்த அளவுக்குக் குடுக்குற கேம் ரொம்பக் கம்மி. பின்னாடி நின்னு பார்த்துக்கினு இருந்தா, நான் ஆரம்பத்துல பண்ண அதே தப்புங்களை ஒன்னு விடாம பண்றாங்க. ஃபுல் ஸ்பீடுல போய்க்கினு ஒன்னும் கேக்கலன்றது, பெரிஸ்கோப்பை ஏத்தினது ஏத்தினபடியே விடுறது, இதெல்லாம் ரெண்டு தடவை மூழ்கினா தானா புரிஞ்சிடும். தானா புரியாததை மட்டும் எழுதுறேன்.

ஒரே நேர்கோட்டுல போய்க்கினே தூரத்தை முடிவு பண்றது

இதைப் பத்தி எத்தினி தடவை சொன்னாலும் எனக்கு ஆறல.

பாசிவ் சோனார் நமக்குக் குடுக்குறது திசை மட்டும்தான். பேரிங் 090ல, அதாவது நேர் கெழக்குத் திசையில, ஒரு புரொப்பல்லர் சுத்துதுன்னு சொல்லும், எவ்ளோ தூரத்துலன்னு சொல்லாது. நிமிஷத்துக்கு நிமிஷம் அந்தத் திசை எப்படி மாறுதுன்னு பார்த்து தூரம், வேகம், கோர்ஸ் (அது போற திசை) மூணையும் புடிக்கிறதுதான் டிஎம்ஏ, டார்கெட் மோஷன் அனாலிசிஸ். அதுல கிடைக்கிற விடைதான் சொல்யூஷன்.

இப்ப ஒரு கணக்கு பாருங்க. நீங்க வடக்கால 5 நாட்ல (மணிக்கு 5 கடல் மைல்) போறீங்க. கெழக்குல ஒரு கப்பல், அதோட பேரிங் நிமிஷத்துக்கு 3 டிகிரி வலது பக்கமா நகருது. அது 5,000 யார்டுல 3 நாட் கூட இல்லாம ஊர்ந்து போற மீன்புடி படகா இருக்கலாம். 15,000 யார்டுல 18 நாட்ல ஓடுற போர்க்கப்பலாவும் இருக்கலாம். ரெண்டுக்கும் அதே 3 டிகிரிதான் வரும். நடுவுல எந்தத் தூரத்தைப் போட்டாலும் அதுக்கேத்த ஒரு வேகம் கிடைக்கும். நீங்க அதே கோர்ஸ்ல, அதே வேகத்துல ஒரு மணி நேரம் போனாலும் இந்தக் குழப்பம் தீரவே தீராது.

இதுல புதுசா வர்றவங்களை ஏமாத்துறது அந்த டாட் ஸ்டாக். டிஎம்ஏ ஸ்கிரீன்ல ரூலரை (நாம ஊகிக்கிற தூரம், வேகம், கோர்ஸைக் காட்டுற கோடு) நகர்த்தி நகர்த்தி வெச்சா புள்ளிங்க எல்லாம் செங்குத்தா ஒரு வரிசையில நிக்கும், நின்னுட்டா சொல்யூஷன் ரெடின்னு நெனைச்சிக்கிறாங்க. தப்பான தூரத்துக்கும் அது அழகா நிக்கும்.

குடியாத்தத்துல இருந்து வர்ற ஒரு தம்பி, நல்லா கவனிச்சி ஆடுறவன், மேல சொன்ன மாதிரியே ஒரு கான்டாக்ட்டுக்கு 5,000 யார்டு போட்டான். ஒரு டேர்ன் அடிச்சிப் பாருடான்னேன். "டாட்டெல்லாம் நேரா நிக்குதுண்ணா, இன்னும் இன்னா வேணும்?"ன்னான். டார்பிடோவை விட்டான். நிஜத்துல அந்தக் கப்பல் கிட்டத்தட்ட 9,700 யார்டுல, 10 நாட்ல போய்க்கினு இருந்திச்சு, அதனால டார்பிடோ அதோட வாலுக்குப் பின்னாடி வெறும் தண்ணில தேடிக்கினே போச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டு அந்தக் கப்பல்காரன் அதே திசையில திருப்பி ஒன்னு விட்டான், இவன் போட் காலி. அரை மணி நேரமா பொறுமையா ட்ராக் பண்ணது ஒரு திருப்பம் அடிக்காததால போச்சு, அதான் எனக்குக் கோவம்.

பைபாஸ்ல பஸ் ஜன்னல் வழியாப் பாருங்க, ஓரத்துல இருக்குற போஸ்ட்டெல்லாம் சர்ருனு பின்னாடி ஓடும், தூரத்து மலை நகர்ந்த மாதிரியே தெரியாது. நாம நகர்றதால திசை எவ்ளோ மாறுதுன்றதுலதான் தூரம் ஒளிஞ்சிருக்கு. அதனால நம்ம நகர்வை மாத்தினாத்தான் அது வெளிய வரும்.

செய்யறது இப்படித்தான். அந்த வடக்கு லெக்ல (ஒரே கோர்ஸ்ல, ஒரே வேகத்துல போற ஓட்டம்தான் லெக்) பேரிங் ரேட்டை, அதாவது நிமிஷத்துக்கு எவ்ளோ டிகிரி மாறுதுன்றதை, நல்லா குறிச்சிக்கோங்க, 3 டிகிரி வலது. அப்புறம் போட்டைத் திருப்பி தெக்கால 5 நாட்ல போங்க. இப்ப ரேட் 1 டிகிரி வலதுன்னு வருதுன்னு வைங்க. நம்ம குறுக்கு வேகம் (டார்கெட் இருக்குற திசைக்குக் குறுக்கால நாம போற வேகம்) மொத்தம் 10 நாட் மாறியிருக்கு, ரேட் 2 டிகிரி மாறியிருக்கு. 10ஐ 2ஆல வகுத்து, யார்டா மாத்துறதுக்கு 1,934ஆல பெருக்குங்க, 9,670 யார்டு. இதுக்கு எக்லண்ட் ரேஞ்ச்னு பேரு, அமெரிக்க நேவி ஆபீசர் ஒருத்தர் பேர்ல வந்தது, ஒரு பேப்பரும் பேனாவும் போதும். தோராயம்தான், ஏன்னா நீங்க திரும்புற நேரத்துல தூரமும் மாறிக்கினே இருக்கும், ஆனா அந்தத் தோராயத்தை வெச்சி ரூலரைப் போட்டா மீதியை டாட் ஸ்டாக் சரி பண்ணிக் குடுக்கும்.

ஒன்னு மட்டும் கவனிங்க, கோர்ஸ் மாறினா மட்டும் போதாது, குறுக்கு வேகம் மாறணும். டார்கெட்டுக்கு இடது பக்கமா 45 டிகிரி சாய்ச்சி கிட்டப் போனவன், அதே வேகத்துல அதே இடது பக்கமா 45 டிகிரி சாய்ச்சி விலகிப் போனா, 90 டிகிரி திரும்பியும் குறுக்கு வேகம் அப்படியேதான் இருக்கும். இடதுல போனா அடுத்தது வலதுல போங்க.

கோல்ட் வாட்டர்ஸ்ன்ற இன்னொரு நீர்மூழ்கி கேம்ல இருந்து வர்ற பசங்களுக்கு இதுல தனிக் கஷ்டம். அதுல சொல்யூஷன் பர்சென்டேஜ் தானா ஏறும், அந்தப் பழக்கத்துல இங்கயும் காத்துக்கினு இருந்தா ஏறும்னு உக்காந்துடுறாங்க.

கடலே இல்லாத நம்ம பக்கத்துலதான் அரக்கோணத்துல ஐஎன்எஸ் ராஜாளி இருக்கு, நேவியோட பி-8ஐ விமானங்க அங்க இருந்து நீர்மூழ்கி தேடப் போகுது. அதுங்க சோனோபாயை (மிதந்துக்கினே தண்ணிக்குள்ள சத்தம் கேக்குற கருவி) கடல்ல ஒன்னு இங்க, ஒன்னு அங்கன்னு போடும். திசை சொல்ற பாய் ரெண்டு கேட்டா ரெண்டு கோடும் வெட்டுற எடம்தான் டார்கெட். நீர்மூழ்கிக்கு அந்த வசதி இல்ல, தானே ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்குப் போய் ரெண்டாவது காதா இருக்கணும். இதைச் சொன்னப்புறம்தான் அந்தத் தம்பிக்கு விளங்கிச்சு.

திரும்பினவுடனே வர்ற பேரிங்கை நம்புறது

வேணாம். டோட் அரே (போட்டுக்குப் பின்னாடி கயிறு மாதிரி இழுத்துக்கினு போற சோனார்) நேராகுற வரைக்கும் கை கட்டிக்கினு இருங்க.

டோட் அரேல ரெண்டு பக்கமும் கப்பல் இருக்குன்னு நெனைக்கிறது

பின்னாடி இழுத்துக்கினு போற அரேவுக்கு இடது வலது தெரியாது, ஒரே கப்பலை ரெண்டு பக்கமும் காட்டும். நீங்க திரும்பினதும் நிஜமானது கிட்டத்தட்ட அதே பேரிங்ல நிக்கும், பொய்யானது வேற எங்கயோ தாவிடும். தூரத்துக்காக அடிக்கிற அதே டேர்ன் இதையும் தீர்த்து வைக்கும்.

லேயருக்கு ஒரே பக்கமா இருந்துட்டு கடல் காலின்றது

மேல சூடா இருக்குற தண்ணிக்கும் கீழ குளிரா இருக்குற தண்ணிக்கும் நடுவுல இருக்குற எல்லைதான் லேயர், அங்க சத்தம் வளைஞ்சிடும், கீழ இருக்குறவன் சத்தம் மேல சரியா வராது. மேல கொஞ்ச நேரம், கீழ கொஞ்ச நேரம் கேளுங்க. எறங்குறப்ப மெதுவா எறங்குங்க.

ஆக்டிவ் பிங்

நாமளே சத்தத்தை அனுப்பி எதிரொலியைக் கேக்குறது. அடிக்காதீங்க.

ஒரு கோட்டைப் பார்த்தே பேர் வைக்கிறது

நேரோபேண்ட்ல (சத்தத்தை ஹெர்ட்ஸ் வாரியா கோடு கோடா பிரிச்சிக் காட்டுற ஸ்கிரீன்) 50 ஹெர்ட்ஸ்ல ஒரு கோடு தெரிஞ்சா ரஷ்யக் கப்பல், 60ன்னா அமெரிக்கன்னு உடனே குறிச்சிடுறாங்க. அது கப்பலுக்குள்ள ஓடுற கரண்ட்டோட சத்தம், அவ்ளோதான், 50 ஹெர்ட்ஸ் கரண்ட் வெச்சிருக்குற கப்பல் எத்தினியோ இருக்கு. மத்த கோடுங்களும் ஒத்து வரணும். டெமான்ல (புரொப்பல்லர் சத்தத்தைப் பிரிச்சிக் காட்டுற ஸ்கிரீன்) எத்தினி பிளேடு, எத்தினி ஆர்பிஎம்னும் பாருங்க, கப்பல் எதுன்னு தெரிஞ்சா ஆர்பிஎம்ல இருந்து அதோட வேகம் கிடைச்சிடும், அந்த வேகம் உங்க சொல்யூஷன்ல வந்த வேகத்தோட ஒத்துப் போவலன்னா சொல்யூஷன்தான் தப்பு.

டார்கெட் திரும்பினப்புறமும் பழைய சொல்யூஷனைப் புடிச்சிக்கினு இருக்குறது

நேரா நின்ன புள்ளிங்க மேல்பக்கம் திடீர்னு ஒரு பக்கமா சாய ஆரம்பிச்சா, ஆர்பிஎம்மும் மாறியிருக்கான்னு டெமான்ல ஒரு பார்வை பாருங்க. நிறைய பேர் இந்த எடத்துல ரூலரை லேசா இழுத்து பழசு புதுசு எல்லாப் புள்ளிக்கும் நடுவால ஒரு கோடு போடுறாங்க, அந்தக் கோடு ரெண்டு கோர்ஸுக்கும் பொருந்தாது. சாஞ்ச எடத்துக்கு முன்னாடி இருக்குற பேரிங்கெல்லாத்தையும் விட்டுடுங்க. அந்த நேரத்துல அவன் எந்தத் தூரத்துல இருந்தான்றது மட்டும் உங்களுக்குத் தெரியும், அதை வெச்சிக்கினு புதுசா ஒரு லெக் ஆரம்பிங்க.