கயாக் டெக்கில் கயிறு கட்டப் பாதிப் பந்து போதும்

வீட்டிலேயே மரத்தில் கயாக் (துடுப்புப் போடும் சிறு படகு) செய்கிறவர்களுக்கு ஒரு யோசனை. டெக்கின், அதாவது படகின் மேல்மூடியின், மேல் கயிறு கட்டக் கொக்கி வைத்தால் எண்ணூர் முகத்துவாரத்தில் தண்ணீரிலிருந்து திரும்ப ஏறும்போது முழங்கையைக் கிழிக்கும். அதைப் பள்ளத்துக்குள் இறக்கிவிடுங்கள்.

5 செ.மீ. ரப்பர் பந்தைப் பாதியாக வெட்டிப் பலகையில் ஒட்டி, பிரவுன் டேப் சுற்றுங்கள். இதுதான் அச்சு. எபாக்சி (இரண்டு திரவம் கலந்தால் இறுகும் பசை) டேப்பில் ஒட்டாது. மேலே சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள கண்ணாடித் துணி மூன்று அடுக்கு, எபாக்சியில் நனைத்து. சுற்றிலும் 2 செ.மீ. விளிம்பு விடுங்கள். இறுகியதும் கிண்ணம் கழன்று வரும்.

காசிமேட்டில் ஃபைபர் படகுக்குப் பூசும் பாலியஸ்டர் ரெசின் விலை குறைவுதான், ஆனால் மரத்தில் எபாக்சி போலப் பிடிக்காது. இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

விளிம்புக்கு 5 மி.மீ. கீழே எதிரெதிராகத் துளையிட்டு, 5 மி.மீ. தடிமனுள்ள, 316 ரக ஸ்டெயின்லெஸ் கம்பியைச் செருகுங்கள். இரு முனையும் ஒரு செ.மீ. வெளியே நீளட்டும். முனைகளை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, மரத்தூள் கலந்த எபாக்சியால் மூடி, மேலே கண்ணாடித் துணித் துண்டு ஒட்டுங்கள். இழுவை முழுக்க அங்கேதான் விழும்.

அப்புறம் டெக்கில் வட்டம் வெட்டி, கிண்ணத்தை அடியிலிருந்து ஒட்ட வேண்டும். டெக்கை உடலோடு சேர்ப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். சேர்த்துவிட்டால் மூலைக்குக் கை எட்டாது. நைலான் கயிறு நனைந்தால் தொய்யும், பாலியஸ்டர் கயிறே வாங்குங்கள்.