பிரெஞ்சு வகுப்புக்குப் பணம் கட்டும் முன்

வெள்ளவத்தையில் பிரெஞ்சு கற்பிக்கிறேன். ஆண்டுதோறும் முகங்கள் மாறுகின்றன, தவறுகள் மாறுவதில்லை. பிந்தி வருவது, வீட்டுப்பாடம் செய்யாமல் வருவது எல்லாம் எந்த வகுப்பிலும் உண்டு. அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்தப் பரீட்சை என்று தெரியாமல் படிப்பது

இதற்கு மட்டும் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். வேறோர் இடத்தில் படித்து, டெல்ஃப் என்ற பிரெஞ்சு அரசின் மொழிச் சான்றிதழ்ப் பரீட்சையில் பி2 நிலை சித்தியடைந்திருந்தாள். கனடாவின் குடியேற்ற முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாக விண்ணப்பித்து, ஸ்காபரோவில் இருக்கும் அக்காவிடம் போக வேண்டுமாம். “மிஸ், இந்தச் சான்றிதழுக்குக் காலாவதி இல்லைதானே?” என்று கேட்டாள்.

இல்லைதான். ஆனால் எக்ஸ்பிரஸ் என்ட்ரி டெல்ஃபை ஏற்பதே இல்லை. அங்கே கேட்பது டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா என்ற வேறு பிரெஞ்சுப் பரீட்சை. டெல்ஃப் எடுக்கச் சொன்னவர் மொன்றியலில் இருக்கும் சித்தப்பா. மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணம் தனக்கான குடியேறிகளைத் தானே தெரிவு செய்கிறது. அதன் விதிகள் வேறு. அவர் தம் மாகாணத்துக் கதையைச் சொன்னார், அவரைக் குறை சொல்ல முடியாது. வகுப்பு நடத்தியவரோ, பிள்ளை எங்கே போகப் போகிறாள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கட்டணத்தை மட்டும் மாதம் தவறாமல் கேட்டிருக்கிறார்.

படித்த மொழி வீணாகாது என்பார்கள். உண்மைதான், ஆனால் பரீட்சையின் குணம் வேறு. டெல்ஃபில் 100க்கு 50 எடுத்து, ஒவ்வொரு பகுதியிலும் 25க்கு 5 எடுத்தால் சித்தி. எழுத்தில் சறுக்கியதைப் பேச்சில் ஈடுகட்டலாம். எக்ஸ்பிரஸ் என்ட்ரியின் பிரெஞ்சுப் பிரிவுக்கோ கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்கிலும் தனித்தனியாக என்சிஎல்சி 7, அதாவது கனடாவின் பிரெஞ்சு அளவுகோலில் ஏழாம் நிலை, வேண்டும். அவளுடைய எழுத்து அந்த அளவில் இல்லை. மறுபடி தயாரிப்பு, மறுபடி கட்டணம்.

இதற்கு நேர்மாறாகச் செய்பவர்களும் உண்டு. டெஃப், டிசிஎஃப் பெறுபேறுகள் இரண்டு ஆண்டுகளே செல்லுபடியாகும். மற்றப் பத்திரங்கள் எதுவும் தயாராகாத நிலையில் அவசரப்பட்டு எழுதி, விண்ணப்பிக்கும் வேளையில் காலாவதியான தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பிரான்ஸுக்குப் போகிறவர்களும் பழைய கதையை நம்ப வேண்டாம். 2026 ஜனவரி 1 முதல் பத்தாண்டு வதிவிட அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு அதற்கு அடுத்த மேல்நிலையான பி2. பாரிஸில் லாச்சப்பலில் பல காலமாக இருக்கும் மாமாவுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை.

உச்சரிப்பைத் தமிழெழுத்தில் எழுதிவைப்பது

நம்முடைய ஒரே ‘ப’ பிரெஞ்சில் இரண்டு ஒலிகளுக்கு வேலை செய்ய வேண்டிவரும். மூக்கால் ஒலிக்கும் உயிர்களுக்கோ எழுத்தே இல்லை. எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

எல்லாவற்றையும் ஆங்கிலம் வழியாகப் பார்ப்பது

கொழும்பில் ஆங்கிலம் நன்றாக வருகிறவர்களே இதில் அதிகம் மாட்டுகிறார்கள். வருகிறேன், வருகிறாய், வருகிறோம் என்று ஆளுக்கு ஆள் வினையை மாற்றிப் பழகிய நாக்கு நமக்கு. பிரெஞ்சும் வினையை அப்படித்தான் மாற்றுகிறது. பெயர்ச்சொல்லின் பால் மட்டும் புதிது, அதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

கைபேசிச் செயலி மட்டும் போதும் என்பது

போதாது.

தூரத்தைக் கணக்கில் எடுக்காதது

பிரெஞ்சு கற்பிக்கும் நிலையமான அலியான்ஸ் பிரான்சேஸ் கொழும்பு 7, பார்ன்ஸ் பிளேஸில் இருக்கிறது. டெல்ஃப் பரீட்சையும் அங்கே நடக்கிறது. நல்ல இடம், ஆனால் வேலை முடிந்து மாலை நெரிசலில் காலி வீதியைக் கடந்து போகிறவர்கள் சில வாரங்களில் நின்றுவிடுகிறார்கள். வார இறுதி வகுப்பு கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.